பட்டவரும் படுத்தியவரும்: இதழ்த் தமிழில் ஒரு வினை

நுழையும்முன்

செய்தித்தாளைப் பிரித்தவுடன் கண்கள் பெயர்ச்சொற்களைத் தேடுகின்றன. ஊர், ஆள், நாள், தொகை என்று தாவிச் செல்லும் பார்வை வாக்கியத்தின் இறுதியில் நிற்கும் வினைமுற்றின்மீது தங்குவதில்லை. நடந்ததை யார் செய்தார் என்னும் வினாவுக்கு விடை தருவதும் தர மறுப்பதும் பெரும்பாலும் அவ்வினைமுற்றே. தமிழ் இதழ்கள் தோன்றிய காலந்தொட்டு அவற்றில் மிகுதியாக வழங்கிவரும் ‘படு’ என்னும் வினையின் போக்கை இப்பாடத்தில் காண்போம்.

சொல்லும் பொருளும்

இராயபுரத்திற்கும் வாலாஜா சாலைக்கும் இடையே 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஓடியது. அந்தப் பாதையில் அமைந்த ஊர் அரக்கோணம். அங்குள்ள சந்திப்பு நிலையத்தில் வண்டிகள் ‘புறப்படுகின்றன’. சற்று வடக்கே, தணிகை மலையில் ஆடிக் கிருத்திகை விழா அழைப்பிதழில் ‘சுவாமி புறப்பாடு’ என்று அச்சிடுகின்றனர். வண்டிக்கும் இறைவனுக்கும் பொதுவான இச்சொல்லின் பிற்பகுதியே நாம் ஆராயும் வினை. புறம் என்னும் சொல்லோடு படு சேர்ந்து, வெளியே வருதல் என்னும் பொருளைத் தந்தது.

தனித்து நிற்கும்போது இவ்வினை ஒன்று மற்றொன்றின்மேல் வந்து சேர்தலைக் குறிக்கும். முகத்தில் வெயில் படுகிறது. கை பட்டுக் கண்ணாடி உடைகிறது. பிள்ளைக்குக் கண் பட்டுவிட்டதென்று பாட்டி மிளகாய் சுற்றிப் போடுகிறாள். பெயர்களோடு சேரும்போது மனம் அல்லது உடல் ஒன்றற்கு ஆளாவதைச் சொல்லும். வெட்கப்படுதல், அச்சப்படுதல், பாடுபடுதல் முதலியன இவ்வகையின. அகப்படு, உடன்படு, ஏற்படு, புலப்படு எனக் கூட்டுவினைகளாகவும் இது பெருகியுள்ளது. ஒரு மாணவர் ஒரு நாளில் பேசும் பேச்சைக் குறித்துவைத்தால் ‘படு’ எத்தனை முறை வந்ததென்று அவரே வியப்புறுவார்.

இவ்வினைக்கு இணையான பிறவினை ஒன்றுண்டு. அது ‘படுத்து’. துன்பப்படு, துன்பப்படுத்து, அவமானப்படு, அவமானப்படுத்து. பட்டவர் ஒருவர் இருந்தால், படுத்தியவர் ஒருவரும் பல நேரங்களில் இருப்பார். இதழ்களில் இவ்வினை வரும் இடங்களை வாசிக்கும்போது இந்த இணையை மறவாமை நன்று.

கல்லில் எழுதிய ‘பட்டான்’

அச்சுக்கு மிக முன்னரே ‘படு’ ஒரு செய்தியைத் தாங்கி நின்றது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அரக்கோணமும் அடங்கியிருந்தது, செங்கமும் அடங்கியிருந்தது. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் புகழ்பெற்றவை. பெரும்பாலும் வட்டெழுத்தில் அமைந்த அக்கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பின்னர் வீரன் யாருடைய சேவகன் என்பதும் அவன் பெயரும் வரும். ‘தொறு’ எனப்பட்ட ஆநிரையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ அவன் பட்டான் என்று கல் முடியும்.

இங்கே ‘பட்டான்’ என்பதற்கு இறந்தான் என்று பொருள். இக்கல்வெட்டுகளை ஒரு வகையில் அக்காலத்தின் செய்திக் குறிப்புகள் எனலாம். எந்த ஆண்டு, எந்த ஊர், யார், எதற்காக என்னும் நான்கிற்கும் ஓரிரு வரிகளில் விடை கிடைக்கிறது. படு என்னும் வினையின் எழுவாயாக அவ்வீரனே நிற்கிறான். அவன் பெயரின்றி அவ்வாக்கியம் முடியாது.

இலக்கணம் கூறுவது

செயப்பாட்டுவினை ஆங்கிலத்திலிருந்து வந்த இறக்குமதி என்று கூறுவோர் உளர். அக்கூற்று முழுமையான உண்மை ஆகாது. தொல்காப்பியம் வழங்கும் ‘செயப்படுபொருள்’ என்னும் கலைச்சொல்லிலேயே செய் என்னும் வினையோடு படு இணைந்து நிற்கிறது. எனினும், பழந்தமிழ் ஒவ்வோரிடத்தும் இதனை நாடவில்லை. செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கு ஒன்றையும் தொல்காப்பியம் ஏற்கிறது. அதற்குச் சேனாவரையர் முதலிய உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’ என்பது. திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்வதில்லை. மெழுகியவள் வாக்கியத்தில் இல்லை. வழக்கில் இப்படியும் கூறுவர் என்று கூறி உரையாசிரியர் கடந்துவிடுகிறார். மெழுகியவளைத் தேடவேண்டிய தேவை அவருக்கு இல்லை. செய்தி வாசிப்பவருக்கு உண்டு.

தெரிந்து தெளிவோம்

செயப்பாட்டுவினையை அமைக்கப் ‘படு’ மட்டுமே தமிழில் இருந்ததில்லை. ‘உண்’ என்பதும் அப்பணியைச் செய்தது: கொலையுண்டான், கட்டுண்டான், தள்ளுண்டான். ‘பெறு’ என்பது மூன்றாவது: நூல் வெளியிடப்பெற்றது, விழா நடத்தப்பெறும். துன்பத்தைச் சுட்டும் சொல்லோடு நற்செயலைச் சேர்ப்பானேன் என்று கருதிய தமிழறிஞர் பலர் மங்கல நிகழ்ச்சிகளுக்குப் ‘பெறு’ என்பதையே எழுதினர். இன்றும் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்களில் இவ்வழக்கைக் காணலாம். நாளிதழ்களில் ‘உண்’ அருகிவிட்டது.

‘கேள்விப்படுகிறோம்’

சென்னையில் 1831ஆம் ஆண்டு ‘தமிழ் மேகசின்’ வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1841இல் ‘உதயதாரகை’யைத் தொடங்கினர். 1855இல் பெர்சிவல் பாதிரியாரின் ‘தினவர்த்தமானி’ வந்தது. சமயப் பரப்பலும் பொது அறிவும் கலந்த இவ்விதழ்களைத் தொடர்ந்து, அரசியல் பேசும் இதழாக 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ தோன்றியது. வார இதழாகத் தொடங்கிய அது 1899இல் நாளிதழாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இதழ்நடையில் ‘படு’ இரு வேறு முகங்களோடு காட்சி தருகிறது. முதல் முகம் இதழாசிரியருடையது. வெளியூர்ச் செய்தி ஒன்றை அவர் ‘கேள்விப்படுகிறோம்’ என்று முடிப்பார். பெரியவர் ஒருவரின் மறைவைச் சொல்லி ‘விசனப்படுகிறோம்’ என்பார். பள்ளிக்கூடம் ஒன்று திறந்ததைச் சொல்லிச் ‘சந்தோஷப்படுகிறோம்’ என்பார். இவ்வினைகளின் விகுதி தன்மைப் பன்மை. செய்தியைக் கேட்டவரும் அதனால் மகிழ்ந்தவரும் வருந்தியவரும் யார் என்பதில் வாசகருக்கு ஐயமே இல்லை. செய்தி பொய்த்தால் எவரைக் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டாம் முகம் வேறு. ‘என்று சொல்லப்படுகிறது’, ‘என்று நம்பப்படுகிறது’, ‘என்று பிரஸ்தாபிக்கப்படுகிறது’. இங்கே சொன்னவரும் இல்லை, நம்பியவரும் இல்லை. விகுதி அஃறிணை ஒருமையாகிவிட்டது. முதல் முகத்தில் இதழ் தன்னை வாக்கியத்துக்குள் நிறுத்துகிறது. இரண்டாம் முகத்தில் எல்லோரும் வாக்கியத்தைவிட்டு வெளியேறிவிடுகின்றனர். சொல் ஒன்றே ஆயினும் பொறுப்பு மாறிவிட்டது.

இவ்விரண்டும் நெடுங்காலம் ஒரே இதழில், சில வேளைகளில் ஒரே பத்தியில் அருகருகே வாழ்ந்தன. பின்னர் முதல் முகம் தலையங்கத்திற்குள் ஒதுங்கியது. இன்றைய செய்திப் பத்தியில் ‘கேள்விப்படுகிறோம்’ என்று எழுதும் நிருபரைக் காண்பது அரிது. ‘கூறப்படுகிறது’ என்பதோ நாள்தோறும் வருகிறது.

தந்தியும் மொழிபெயர்ப்பும்

இம்மாற்றத்திற்கு ஒரு காரணம் செய்தி வந்த வழி. உலகச் செய்திகளும் இந்தியாவின் பிற மாகாணச் செய்திகளும் ஆங்கிலத் தந்திகளாகவே சென்னைக்கு வந்தன. அவற்றை விரைவாகத் தமிழாக்குவது துணையாசிரியர்களின் வேலை. 1904ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்த பாரதியார் செய்ததும் பெரும்பாலும் இப்பணியே. ஆங்கிலச் செய்திநடை செயப்பாட்டுவினையை விரும்புவது. அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கும்போது, வந்த வாக்கியத்தின் அமைப்பையே தமிழுக்கு மாற்றுவது எளிது. இவ்வாறு, முன்னரே தமிழில் இருந்த ஓர் அமைப்புப் பல மடங்கு பெருகியது.

பேச்சுத் தமிழ் இவ்வமைப்பை அதிகம் ஏற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கடைத்தெருவில் நின்று செய்தி சொல்லும் ஒருவர் ‘அவர் கைது செய்யப்பட்டார்’ என்று சொல்வதில்லை. ‘அவரைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க’ என்றுதான் சொல்கிறார். பிடித்தவர் யாரென்று அவரும் பெயர் கூறவில்லை. ஆனால், ‘ஆங்க’ என்னும் விகுதி சிலர் இதனைச் செய்தனர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எழுத்துநடையில் அச்சிறு சுவடும் அழிந்துவிடுகிறது. கூடியவரை பேசுவதுபோலவே எழுதவேண்டும் என்ற கருத்துடைய பாரதியார் தம் கட்டுரைகளில் நேர்வினைகளை அள்ளித் தெளித்திருப்பதற்கு இதழலுவலக அனுபவமும் ஒரு காரணமாகலாம்.

சட்டத்தின் நிழலில்

மற்றொரு காரணம் அச்சம். அதை இழிவாகக் கருதுவதற்கில்லை. 1908ஆம் ஆண்டு தமிழ் இதழ்களுக்குக் கடுமையான ஆண்டு. வ.உ. சிதம்பரனார் மார்ச் மாதத்தில் கைதானார். சுப்பிரமணிய ஐயரும் அரசநிந்தனைக் குற்றச்சாட்டில் கைதானார். ‘இந்தியா’ இதழில் எழுதியவர் பாரதியாராயினும், சட்டப்படி அதன் ஆசிரியராகப் பதிவு செய்திருந்த சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். 1910இல் வந்த அச்சகச் சட்டம் அச்சகங்களிடமும் இதழ்களிடமும் பிணைத்தொகை கேட்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஒரு வாக்கியத்திற்காக அச்சுக்கூடத்தையே இழக்கும் நிலை வந்தது.

அத்தகைய காலத்தில் ‘இன்ன அதிகாரி இன்னாரை அடித்தார்’ என்று எழுதுவதைவிட ‘இன்னார் அடிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது’ என்று எழுதுவது இதழுக்குப் பாதுகாப்பு. அவ்வாக்கியத்தில் படு இரண்டு முறை வருகிறது. முதலாவது அதிகாரியை மறைக்கிறது. இரண்டாவது இதழாசிரியரை மறைக்கிறது. அன்றைய வாசகர் இவ்வகை வாக்கியத்தைப் படித்து விடுபட்ட பெயரைத் தாமே நிரப்பிக்கொண்டிருப்பார். காலம் மாறி, நிரப்பத் தெரிந்த வாசகர் மறைந்த பின்னர் அதே வாக்கியத்தைப் படிப்பவருக்கு வெற்றிடம் மட்டுமே எஞ்சுகிறது. பழைய இதழ்களைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுவோர் சந்திக்கும் இடர்களுள் இதுவும் ஒன்று.

ஒரு நிகழ்ச்சி, மூன்று வாக்கியம்

1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று அமிர்தசரசில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. அதனைத் தமிழில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கலாம்.

‘அமிர்தசரசில் துப்பாக்கிச் சூடு நடந்தது.’

‘அமிர்தசரசில் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்.’

‘ஜெனரல் டையரின் ஆணைப்படி படைவீரர்கள் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றனர்.’

மூன்றும் பொய்யல்ல. முதல் வாக்கியத்தில் மழை பெய்தது போலத் துப்பாக்கிச் சூடு தானே நடக்கிறது. இறந்தவர்கூட அதில் இல்லை. இரண்டாவதில் பட்டவர் வந்துவிட்டார்; படுத்தியவர் வரவில்லை. மூன்றாவதில் இருவரும் உள்ளனர். அன்று படைவீரர்கள் சுட்ட குண்டுகள் 1,650 என்பது விசாரணையில் வெளிவந்தது. அரசு ஒப்புக்கொண்ட இறப்புகள் 379. மக்கள் கணக்கில் இத்தொகை மிகவும் கூடுதல். 1,650 என்னும் எண்ணை முதல் வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தாலே அவ்வாக்கியம் எவ்வளவு மெலிந்தது என்பது விளங்கும். அத்தனை குண்டுகள் தாமே பாய்வதில்லை.

‘நட’, ‘நிகழ்’, ‘ஏற்படு’ ஆகிய மூன்றும் ‘படு’ என்பதன் உறவினர்கள். மறைப்பதில் அதனையும் விஞ்சுவன. கலவரம் ஏற்பட்டது, விபத்து நிகழ்ந்தது, தடியடி நடந்தது. மேலே இப்பாடமும் ‘படுகொலை நிகழ்ந்தது’ என்றே எழுதியுள்ளது. கூர்ந்து வாசிப்போர் கவனித்திருப்பர்.

திருத்தணி இணைக்கப்பட்டது

இனி இதே கண்கொண்டு, நூல்களில் அடிக்கடி வரும் ஒரு தொடரைக் காண்போம்: ‘1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது.’

1953ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானபோது, சித்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்த திருத்தணி வட்டம் அம்மாநிலத்திற்குச் சென்றது. அரக்கோணத்திலிருந்து சிறிது தொலைவிலேயே மாநில எல்லை வந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்போர் வேறு மாநிலத்துக்குள் நடந்து சென்று மலையேறினர். தமிழரசுக் கழகத்தின் தலைவர் ம.பொ. சிவஞானம் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார். தம் ‘செங்கோல்’ இதழில் அதற்காக எழுதினார். அப்பகுதியில் தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்து மக்களைத் திரட்டினார். வழக்கறிஞர் கே. விநாயகம் உடன் நின்றார். திருவாலங்காடு கோவிந்தசாமி, பழனி மாணிக்கம் ஆகியோர் அப்போராட்டத்தில் உயிர் நீத்தனர். எல்லைச் சிக்கலை ஆராய எச்.வி. படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். அவர் பரிந்துரைத்தவற்றின் அடிப்படையில் நாடாளுமன்றம் 1959இல் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தோடு சேர்ந்தது. அதே சட்டத்தின்படி சென்னை மாநிலத்திலிருந்து சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. அவ்வூர் மக்களுக்கும் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும்.

இத்தனை பேரும், இத்தனை ஆண்டுகளும், இரண்டு இறப்புகளும் ‘இணைக்கப்பட்டது’ என்னும் ஒரு வினைமுற்றுக்குள் ஒடுங்கிவிட்டன. தேர்வுத்தாளில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அத்தொடர் போதும். தணிகையின் அடிவாரத்தில் பிறந்து வளரும் ஒருவர் அதோடு நின்றுவிட்டால், தம் ஊரைத் தம் மாநிலத்தோடு சேர்த்தவர் யார் என்பதை அறியாமலே போவார்.

ம.பொ.சி. இளமையில் ‘தமிழ்நாடு’ இதழின் அச்சகத்தில் அச்சுக் கோப்பவராகப் பணியாற்றியவர். ஒவ்வொரு வினைமுற்றையும் ஈய எழுத்துகளாகக் கையால் எடுத்துக் கோத்தவர் அவர். அவ்வேலை செய்தவருக்கு ஒரு சொல்லின் எடை நன்றாகவே தெரிந்திருக்கும்.

எளிமை நோக்கி

சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். பின்னர் அது ‘தினத்தந்தி’ என்று பெயர் பெற்றது. எழுத்துக் கூட்டிப் படிப்போருக்கும் விளங்கும் நடை அவருடைய குறிக்கோள். கொச்சை நீக்கிய பேச்சுத்தமிழே செய்திக்கு ஏற்றது என்று தம் நிருபர்களுக்கு அவர் அறிவுறுத்தினார். அவர்களுக்கெனக் கையேடும் எழுதினார். நீண்ட வாக்கியங்கள் உடைந்து சிறுத்தன. ‘குத்திக் கொன்றான்’ போன்ற நேர்வினைகள் தலைப்புக்கு ஏறின. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்கும் வழக்கத்திற்கு இந்நடை பொருந்தியது. எழுவாய் முன்னரே வந்துவிட்டால் காதால் கேட்பவருக்கும் குழப்பமில்லை.

மறுபுறம், 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அலுவலகங்களில் தமிழ் பெருகியது. அதனுடன் ‘ஆணையிடப்படுகிறது’, ‘தெரிவிக்கப்படுகிறது’, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்னும் முடிபுகளும் பெருகின. அரசின் செய்திக் குறிப்புகளை இதழ்கள் அவ்வாறே வெளியிட்டபோது அலுவலக நடை மீண்டும் செய்திப் பத்திக்குள் நுழைந்தது. இன்றைய நாளிதழ் ஒன்றில் தலைப்பு ஆதித்தனார் வழியிலும் அதன் கீழுள்ள செய்தி அலுவலக வழியிலும் அமைந்திருப்பதைப் பல பக்கங்களில் காணலாம்.

எங்கே பொருந்தும்?

இவற்றைக் கொண்டு செயப்பாட்டுவினையையே விலக்கவேண்டும் என்று முடிவுசெய்தல் பிழையாகும். செய்தவர் யாரென்று தெரியாத இடத்தில் அது உண்மையான வினை. ‘கோயில் உண்டியல் உடைக்கப்பட்டது’ என்று எழுதும் நிருபருக்குக் கள்வனின் பெயர் தெரியாது. ஊகித்து எழுதுவது குற்றம். ஒருவர்மீது வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்றுதான் எழுத வேண்டும். ‘குற்றம் செய்தவர்’ என்பது நீதிமன்றம் சொல்லவேண்டிய சொல். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடைவிதிக்கிறது. அங்கே மறைப்பதே கடமை.

செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடங்களும் உண்டு. ‘கைது செய்யப்பட்டார்’ என்றால் செய்தவர் காவல்துறையினர் என்பது எவருக்கும் விளங்கும். ‘தேர்ந்தெடுக்கப்பட்டார்’ என்றால் வாக்காளர்கள் என்பது விளங்கும். ‘தாக்கப்பட்டார்’ என்பது அத்தகையதன்று. ‘ஊரைவிட்டு ஒதுக்கப்பட்டனர்’ என்பதும் அத்தகையதன்று. ‘சம்பளம் நிறுத்தப்பட்டது’, ‘குடிசைகள் எரிக்கப்பட்டன’, ‘மரங்கள் வெட்டப்பட்டன’ என்று வரும் இடங்களில் வாசகரின் விரல் அவ்வினைமுற்றின்மேல் சற்று நிற்க வேண்டும். நான்கைந்து வரிகள் கீழே செய்தவர் பெயர் இருக்கலாம். அடுத்த நாள் இதழில் இருக்கலாம். ஒரு வார இதழ்களைப் புரட்டியும் கிடைக்காவிட்டால், அந்தப் பெயர் எங்கே போயிற்று என்று நூலகத்தில் வேறோர் இதழை எடுத்துப் பார்க்கலாம்.